எல்லார் பேருக்கும் ஒரே நம்பர்

இன்று காலை சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில், ஷிப்ட் முடிந்து வந்த ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டாள். வாசம் பட்டதும் சட்டென்று திரும்பிவிட்டேன். நீயாக இருக்க முடியாது என்று தெரிந்தும்தான் திரும்பினேன். நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. என் மூக்குக்கு மட்டும் அது இன்னும் புரியவில்லை.

கம்பெனியில் ஒரே அசெம்பிளி லைனில் நின்றோம், பிறகு ஒன்றாகவே வேலையும் மாறினோம். விடுதிகளில் தங்கியிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிப் பெண்களை ஃபோனிலேயே டாக்டரோடு பேசவைக்கும் ஆப் வந்தபோது, அதை அவர்களுக்குப் போட்டுக்கொடுத்து, உண்மையில் பயன்படுகிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு தொண்டு நிறுவனம் நம் இருவரையும் எடுத்தது. சேரப்பணஞ்சேரியிலிருந்து நீ ஸ்கூட்டியில் வருவாய். ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நீ புகுந்து போகிற அழகைப் பார்த்து, முதலில் நமக்குத்தான் டாக்டர் தேவைப்படும் என்று பின்னால் உட்கார்ந்து திட்டிக்கொண்டே வருவேன்.

உடம்புக்கு என்ன என்று ஆப்பில் பதிந்தால், டாக்டர் பகலில் எப்போதாவது திருப்பி அழைப்பார். இரண்டு தடவை எடுக்காவிட்டால் அதோடு சரி, ஆப் பதிவை மூடிவிடும். நம் பெண்களின் ஃபோனோ ஷிப்ட் முடியும்வரை கம்பெனி கேட்டில், லாக்கருக்குள். உதிரப்போக்கு நிற்காமல் வெளுத்துப்போயிருந்த சுமதியின் பதிவும் அப்படித்தான் மூடிப்போனது. "டாக்டருக்கு இஷ்டமில்ல போலக்கா" என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். உனக்கு வந்ததே கோபம்.

"இஷ்டம் இன்னா இஷ்டம்? போனு லாக்கர்ல கீது. லாக்கரா டாக்டராண்ட பேசும்?"

அங்கேயே அவள் ஃபோனை வாங்கி, அழைக்கவேண்டிய எண்ணாக உன் நம்பரைப் போட்டாய். பிறகு விடுதியில் பாதிப் பேருக்கு உன் நம்பர்தான். முந்தின நாளே ஒவ்வொருத்தியிடமும் எல்லாம் கேட்டுக்கொண்டு, மறுநாள் ஃபோன் வந்ததும் "ஆமா டாக்டர், சுமதிதான் பேசறேன்" என்பாய். திங்கட்கிழமை நீ கர்ப்பிணி, புதன்கிழமை உனக்கு மஞ்சள் காமாலை. டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சாயங்காலம் விடுதி வாசலில் நின்று, வராத கண்டிப்பை வரவழைத்துக்கொண்டு ஒப்பிப்பாய். சுமதி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்தது அப்படித்தான்.

"மாட்டினா வேலை போயிடும்டி" என்று நான் பயந்தேன்.

"போனா போவுது. திரும்ப லைன்ல நிக்கத் தெரியாதா இன்னா?"

உனக்கும் அடிக்கடி தலைவலி வரும். பதிந்துகொள் என்று கெஞ்சினேன். "அந்த நம்பர்ல ஏற்கெனவே இவ்ளோ பேர் கீறோம், நான் வேற எதுக்குடி? தைலம் கீதுல்ல" என்று சிரித்தாய். ஒருநாள் காலை தண்ணீர்க் குடத்தோடு வாசலில் விழுந்தாய். ரத்தக் கொதிப்பு இருந்ததே யாருக்கும் தெரியாது. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஊருக்கெல்லாம் டாக்டரைப் பிடித்துக்கொடுத்தவள் நீ.

உன் அம்மா உன் ஃபோனை என் கையில் கொடுத்து, "பொண்ணுங்களுக்கு டாக்டராண்டேர்ந்து போனு வந்துகினே கீது, நீயே வச்சிக்கோ" என்றார். அன்றிலிருந்து பெண்களிடம் கேட்டுவைத்துக்கொண்டு பேசுவது நான்தான்.

இன்று தொண்டு நிறுவனத்தில், ஆப் நடத்துகிறவர்களோடு கடைசிக் கூட்டம். ஒரே நம்பரில் இத்தனை பேர் இருப்பதைக் கண்டுபிடித்து, போலிப் பதிவுகள், நீக்கிவிடலாம் என்றார்கள். நான் எழுந்துவிட்டேன். அந்த விடுதியில் இந்த ஆப் வேலை செய்ததே அந்த நம்பரால்தான். அதை எடுத்தால் அத்தனை பெண்களுக்கும் டாக்டர் இல்லை. ஷிப்ட் எப்போது முடியும் என்று கேட்டு அந்த நேரத்தில் அழைக்கிற மாதிரி மாற்றுங்கள், பிறகு எடுங்கள் என்று சத்தமாகவே சொன்னேன். முணுமுணுத்தார்கள். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். மாற்றும்வரை நம்பர் இருக்கும்.

வெளியே வந்ததும் உன் ஃபோன் அடித்தது.

"செல்விங்களா?" டாக்டரம்மா குரல். விடுதியில் செல்வி நேற்றுப் பதிந்திருந்தாள்.

பொய் சொல்ல எனக்கு உன்னளவு சாமர்த்தியம் கிடையாது. "செல்வி ஷிப்டுல இருக்கா டாக்டர். நான் அவ ஃபிரண்டு" என்றேன்.

"இப்பல்லாம் நீங்கதான் பேசறீங்க. முன்னாடி எல்லார் பேர்லயும் ஒருத்தங்க பேசுவாங்களே, அவங்க இல்லையா? ஒரே குரல்தான்னு எனக்குத் தெரியும். கேட்டா நிறுத்திடுவாங்களோன்னு கேக்கல."

"அவ தவறிட்டா டாக்டர்."

டாக்டரம்மா மெதுவாக, "அவங்க பேர் என்னம்மா?" என்றார்.

உன் பேரைச் சொன்னேன். அந்த ஃபோனில் ஒரு டாக்டரிடம் உன் பேர் சொல்லப்படுவது அதுதான் முதல் தடவை. ரோட்டோரம் நின்று அழுதேன். அவர் காத்திருந்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, செல்விக்கு எப்போதிலிருந்து காய்ச்சல் என்று சொல்ல ஆரம்பித்தேன்.