மிதக்க விடாத தண்ணீர்

பிப்ரவரி 9, 2058. காலை 8:10

ஆழி-2 கடலடி நிலையம். கன்னியாகுமரிக்குத் தெற்கே, ஆயிரத்து நூறு மீட்டர் ஆழம். பதிவு செய்பவர்: பிரிஸ்கா ததேயு, நீரொலி ஆய்வாளர்.

வெளிச்சுவர் அழுத்தம் வழக்கம்போல். தண்ணீர் ஏழு டிகிரி. காற்றுச் சுத்திகரிப்பான் இரைச்சல் போடுகிறது, ஆனால் ஓடுகிறது.

இங்கே கடலடி மண்ணுக்குள் எரிவாயு பனிக்கட்டியாய் உறைந்து கிடக்கிறது. அதை உடைத்து எடுக்கத்தான் கடலடி எரிசக்தித் துறை இவ்வளவு பாடுபடுகிறது. என் வேலை கேட்பது. ஒலிவாங்கிகளில் காதை வைத்துக்கொண்டு, மேலே போகும் படகு எது, கீழே கசியும் வாயு எது என்று பிரித்துச் சொல்வது. குறும்பனையில் பிறந்தவளுக்கு இது பெரிய வித்தை இல்லை. அடுப்படியில் நின்றபடியே எஞ்சின் சத்தத்தை வைத்து எந்தப் படகு கரைபிடிக்கிறது என்று சொல்லும் ஊர் எங்களுடையது.

இன்று தலைக்கு மேலே நல்ல கூட்டம். நாற்பது படகாவது இருக்கும். மீன்பாடு நன்றாக இருக்கிறது போலும்.

உடனிருந்த இருவரும் சென்ற மாதக் கடைசியில், ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டில் மேலே போய்விட்டார்கள். மாற்று ஆட்களோடு திரும்ப வேண்டிய கூண்டைக் காணோம். அரசாங்கக் கூண்டு, ஆடி அசைந்துதான் வரும்.

பிப்ரவரி 10. காலை 11:30

மன்றத்திலிருந்து பதில் வந்துவிட்டது. பதில் புரிய வேண்டுமானால் ஜனவரியில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஜனவரியில் துறை ஒரு சிறு சோதனை நடத்தியது. பனிக்கட்டியை உடைத்ததும் வாயு குமிழி குமிழியாய் மேலே பாய்ந்தது. நுரைத்த தண்ணீரில் படகு மிதக்காது. 'சகாய அன்னை' என்ற படகு அதற்கு மேலே நின்றிருந்தது. எஞ்சின் ஓடிய சத்தம் கேட்டேன். பிறகு நுரையின் இரைச்சல். பிறகு அந்தப் படகு எங்கள் நிலையத்தை உரசாத குறையாகக் கீழே இறங்கிப் போன சத்தம். அதில் ஒன்பது பேர். கடல் சீற்றத்தில் படகு காணாமல் போனது என்று துறை அறிவித்தது. அன்று கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது.

என் ஒலிப்பதிவுகளைப் பன்னாட்டுக் கடலடி எரிபொருள் மன்றத்துக்கு அனுப்பினேன். துறையைக் கண்காணிக்கவே உண்டாக்கப்பட்ட மன்றம் அது. பதில் இது:

"தங்கள் முறையீட்டை மதிப்புடன் பெற்றுக்கொண்டோம். நெறிமுறைப்படி இத்தகைய முறையீடுகள் உறுப்பு நாட்டின் உரிய துறை வழியாகவே வர வேண்டும். ஆகவே தக்க நடவடிக்கைக்காகத் தங்கள் துறைக்கே அனுப்பி வைத்துள்ளோம்."

வேலிக்கு ஓணான் சாட்சி. ஓணான் இப்போது என் பெயரையும் தெரிந்துகொண்டது.

பிப்ரவரி 11. காலை 9:40

நாளை மதியம் இரண்டு மணிக்கு முழு அளவுச் சோதனை. ஜனவரியில் உடைத்ததைப் போல நூறு மடங்கு. நிலையத்துக்கு அருகிலேயே, அந்தப் படகுகளுக்கு நேர் கீழே.

கடல்மேல் மிதக்கும் என் மிதவையில் ஒரு வயர்லெஸ் உண்டு. அதில் துறையும் படகுகளும் பேசியதைக் கேட்டேன்.

"தடை மண்டலத்தில் மீன்பிடிப் படகுகள் உள்ளனவா? உடனடியாக இருப்பிடம் தெரிவிக்கவும்."

"நாங்க முட்டத்துக்கு நேரா கெடக்கோம் சார்."

"நாங்க கொச்சிக்குப் போற வழி. அந்தப் பக்கமே இல்ல."

சொன்னவர்களின் எஞ்சின் என் உச்சந்தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கிறது. சிரித்துவிட்டேன். மீன் கிடக்கும் இடத்தை எங்கள் ஆட்கள் கூடப்பிறந்தவனுக்கும் சொல்ல மாட்டார்கள். வயர்லெஸில் கேட்டால் என் அப்பா மேற்கே நின்றுகொண்டு கிழக்கே என்பார். கேட்பவனும் அதை நம்ப மாட்டான், கோபித்துக்கொள்ளவும் மாட்டான். போதாததற்குப் போன வருடம் 'பாதுகாப்பு' என்று சொல்லி இதே இடத்தை அடைத்துவிட்டு, வெளிநாட்டுக் கப்பல்களை உள்ளே விட்டது துறை. இனி யார் உண்மை சொல்வார்கள்?

மண்டலத்தில் படகு இல்லை என்று துறை பதிந்துகொண்டது. அவர்களிடம் செயற்கைக்கோள் படம் இருக்கிறது. நாற்பது படகும் அதில் தெரியும். பார்த்திருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்தப் பதில்தான், கிடைத்துவிட்டது. இதை நினைத்தபோது என் சிரிப்பு நின்றது.

பிப்ரவரி 11. மாலை 4:00

அருகில் ஆள் உள்ள நிலையம் இருந்தால் சோதனை கூடாது என்பது மன்றத்தின் விதி. அதற்கும் வழி கண்டுவிட்டார்கள். துறை மன்றத்துக்கு அனுப்பிய செய்தி என் திரையிலும் வந்து விழுந்தது:

"ஆழி-2 நிலையம் ஜனவரி இறுதியிலேயே காலி செய்யப்பட்டது. தற்போது ஆட்கள் எவரும் இல்லை."

நான் இங்கேதான் இருக்கிறேன், உயிரோடு இருக்கிறேன் என்று துறைக்கும் மன்றத்துக்கும் அனுப்பினேன். மன்றத்தின் பதில்:

"காலி செய்யப்பட்ட நிலையங்களிலிருந்து வரும் செய்திகள் கருவிக் கோளாறாகக் கருதப்படும். நன்றி."

நன்றியாம். சற்று நேரத்தில் மேலிருந்து வரும் மின்சாரம் நின்றது. மின்கலத்தில் ஓடுகிறேன். அதில் சுத்திகரிப்பானை ஓட்டலாம், அல்லது மிதவையின் வயர்லெஸை ஓட்டலாம். இரண்டும் சேர்ந்து ஓடாது. மூச்சு வேண்டுமா, பேச்சு வேண்டுமா என்று கேட்கிறது.

பயமாக இருக்கிறது. எழுதி வைக்கிறேன், பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 12. காலை 10:15

சுத்திகரிப்பானை நிறுத்திவிட்டுப் பேசினேன். ஆழி-2 நிலையத்திலிருந்து அறிவிக்கிறேன், மதியம் இரண்டு மணிக்கு இங்கே கடல் நுரைத்துப் பொங்கும், அனைத்துப் படகுகளும் உடனடியாக வெளியேறவும் என்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னேன். ஒருவர் மட்டும் பதில் சொன்னார்.

"ஆபீஸ் மேடம், போன வருசமும் இதத்தான் சொன்னிய. எங்களத் தொரத்திட்டு ஆருக்குக் குடுக்கப் போறிய?"

ஒரு படகும் அசையவில்லை. அவர் மேல் கோபம் வரவில்லை. கேட்டது நியாயமான கேள்வி.

தலை கனக்கிறது. சுத்திகரிப்பானை மறுபடி போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 12. மதியம் 12:05

உண்மைக்கு அசையாதவர்கள் எதற்கு அசைவார்கள் என்று யோசித்தேன். ரகசியத்துக்கு அசைவார்கள்.

எங்கள் ஊர்களில் மாதா கோயில் கோபுரத்தில் ஒரு வயர்லெஸ் இருக்கும். பெண்கள் அதில்தான் கடலில் கிடக்கும் புருஷனோடு பேசுவார்கள். அந்தப் பேச்சை எல்லாப் படகும் கேட்கும், எவனும் கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டான். சுத்திகரிப்பானை மறுபடி நிறுத்தினேன், ஆபீஸ் தமிழைக் கழற்றி வைத்தேன். அதற்குமேல் குரலை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

"இஞ்சேருங்க, கேக்கியளா? ஆர்ட்டயும் சொல்லாதிய. பெரியபார்ல நெய்மீன் கொதிச்சுக் கெடக்காம். எங்க அண்ணன் காலம்பற நெறச்சுட்டுப் போனான். சத்தம் காட்டாம அங்க விடுங்க."

பெரியபார் மேற்கே ஒரு மணி ஓட்டத்தில் உள்ள கடலடிப் பாறைத் திட்டு. அங்கே எப்போதும் மீன் உண்டு. சொன்னால் நம்புவார்கள் என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு எஞ்சின் வேகம் பிடித்தது. குடிதண்ணீர் தீர்ந்துவிட்டது, கரைக்குப் போகிறேன் என்று அவன் வயர்லெஸில் சொன்னான். இன்னொருவனுக்கு எஞ்சினில் கோளாறாம். மற்றொருவன் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. கரை வடக்கே இருக்கிறது, எல்லோரும் மேற்கே ஓடுகிறார்கள்.

அழுதுகொண்டே சிரித்தேன். போங்கள் மக்கா, போங்கள்.

பிப்ரவரி 12. மதியம் 2:50

நடந்துவிட்டது. நிலையம் குலுங்கியது, இரண்டாம் அறையில் தண்ணீர் புகுந்துவிட்டது. அந்தக் கதவை அடைத்துவிட்டேன். வெளியே பெரிய உலை கொதிக்கும் சத்தம். அதற்குள் காதை நுழைத்து, கீழே இறங்கும் படகு ஏதாவது உண்டா என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை.

பிறகு திரையில் துறையின் அறிவிப்பு வந்தது.

"முதற்கட்டச் சோதனை முழு வெற்றி. உயிர்ச்சேதம் இல்லை. மன்றத்தின் ஒப்புதலுடன் இரண்டாம் கட்டம் மாலை ஐந்து மணிக்குத் தொடங்கும்."

இரண்டாம் கட்டம் என்ற ஒன்று என்னிடம் காட்டிய எந்தத் திட்டத்திலும் இல்லை. அறிவிப்பின் கீழே இடத்தைக் குறிக்கும் எண்கள் இருந்தன. வரைபடத்தில் குறித்துப் பார்த்தேன். மறுபடி குறித்தேன்.

பெரியபார்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே பாறையைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து வாயு கசிகிறது. அதைத் தின்று நுண்ணுயிர்கள் வளர, அவற்றைத் தேடிக் குஞ்சு மீன் வர, அதன் பின்னால் நெய்மீன் வருகிறது. மீன் எதற்காக அங்கே கிடக்கிறதோ, அதற்காகவேதான் துறையும் அங்கே போகிறது. நான் மீனைத்தான் நினைத்தேன். ஊர்க்காரி மாதிரி மீனை மட்டும் நினைத்தேன்.

மாதாவே.

பிப்ரவரி 12. மாலை 4:10

சுத்திகரிப்பானை நிறுத்திவிட்டேன். துறையைக் கூப்பிட்டேன். மன்றத்தைக் கூப்பிட்டேன். கருவிக் கோளாறு, நன்றி. கருவிக் கோளாறு, நன்றி.

படகுகளைக் கூப்பிட்டேன். இந்த முறை எங்கள் பேச்சிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் பேசிய ஆபீஸ்காரியும் நான்தான், மத்தியானம் பேசிய பெண்டாட்டியும் நான்தான், கடலுக்கு அடியில் இருக்கிறேன், மீன் என்று சொன்னது பொய், ஐந்து மணிக்குள் அங்கேயிருந்து ஓடிவிடுங்கள். சகாய அன்னைக்கு என்ன ஆனது என்றும் சொன்னேன்.

வயர்லெஸில் சிரிப்பு கேட்டது.

"நாம எல்லாரும் வந்துட்டோம்னு தெரிஞ்சு போச்சு. அவ மாப்பிள்ளைக்குத் தனியா வேணும்னு வெரட்டப் பாக்கா."

மறுபடி சொன்னேன். கெஞ்சினேன். பெற்ற தாய் மேல் சத்தியம் செய்தேன்.

மாலை 4:35

மூச்சு வாங்குகிறது. விரல் சரியாக வரவில்லை. யாராவது இதைக் கண்டெடுத்தால் ஒலிப்பதிவுகள் எல்லாம் மேல் தட்டில் இருக்கின்றன. துறையிடம் கொடுக்காதீர்கள். மன்றத்திடமும்

மறுபடி கூப்பிட்டேன். ஒரு இளம் குரல் பதில் சொன்னது. நல்ல பிள்ளை, ஆறுதலாகத்தான் பேசினான்.

"அக்கா, ஏன் அழுதிய? நீங்க சொன்னது பொய்யே இல்ல. மீன் நெசமாவே கெடக்கு. எல்லாருக்கும் பங்கிட்டாலும் காணும்."

மாலை 4:48

ஒவ்வொன்றாக எஞ்சினை அணைக்கிறார்கள். தூண்டில் இறக்கப் போகிறார்கள்.

கேட்கிறது. இன்னும் நன்றாகக் கேட்