முதுகு காட்டி நிற்பவன்

மார்ச் 4

படக் காப்பகத்து அம்மாவுக்கு, துறைமுகத்தில் கயிறு பிடித்த கிழவன் சொல்லச் சொல்ல, பக்கத்து மருந்துக்கடைக்காரர் எழுதுவது.

எந்த ஆண்டு என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு எண்ணும் வராது, எழுத்தும் வராது. விவரம் சொல்கிறேன், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். துறைமுகக் கடிகாரத்துக்குள் தேனீ கூடு கட்டி முள் நின்றுபோன வருஷம் அது. சினிமாக் கொட்டகை பாதிப் படத்தில் எரிந்துபோய், முடிவு என்ன ஆச்சு என்று ஊரே ஒருவரை ஒருவர் கேட்டுத் திரிந்த வருஷம். என் தங்கைக்கு டைபாய்டு வந்து முடியெல்லாம் கொட்டி, திரும்ப முளைத்தபோது சுருள் சுருளாக முளைத்த வருஷம். அந்த வருஷம், மழைக்கு முன்னால், படை மொத்தமும் பின்வாங்கி, கடலுக்குள் நீளும் எங்கள் கப்பல் பாலத்துக்கு வந்து சேர்ந்தது.

நீங்கள் அனுப்பிய படங்களைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். போன காலம் போனது என்றுதான் இருந்தேன். அது எங்கேயும் போகவில்லை, உங்கள் அலமாரியில் இருந்திருக்கிறது! முதல் படத்தில் தலையில் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு நடக்கிறவர் பட்டாளத்துச் சமையல்காரர். இரண்டாவதில் தூக்குக்கட்டிலின் முன்பக்கம் பிடித்திருக்கிறவனை நெட்டை என்போம். அவன் முன்னால் பிடித்தால் படுத்திருப்பவர் பின்பக்கமாக வழுக்குவார்.

பாலத்தின் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். கரையில் நின்று கடலைப் பார்த்தால் இடக்கைப் பக்கம் கருப்புக் கப்பல் நின்றது. அதற்கு நாங்கள் வைத்த பேர் எருமை. வலக்கைப் பக்கம் வெள்ளைக் கப்பல், கொக்கு. கொக்கின் கயிறு என் பொறுப்பு. எருமையின் கயிறு கோபக்காரன் பொறுப்பு. ஊர் பேச வேண்டாம் என்றால் அவனைப் பேச விட்டால் போதும், அப்படிக் கத்துவான்.

என் தங்கை பட்டாளத்து ஆஸ்பத்திரியில் கட்டுத்துணி துவைத்தாள். காயம்பட்டவர்களோடு அவளையும் ஏற்றினார்கள். எந்தப் பக்கம் ஏறினாள் என்று நான் பார்க்கவில்லை. பாரம் ஏறிய கயிற்றைப் பிடித்தவன் திரும்பக் கூடாது. திரும்பினால் கால் போகும். இரண்டு கப்பலும் கிளம்பியதும் பாலத்தைப் படையே வெடி வைத்துத் தகர்த்தது. நாங்கள் சில பேர் படகில் குதித்துப் பிழைத்தோம். எருமை மறுநாளே குண்டுபட்டு மூழ்கியது. ஒருவரும் மிஞ்சவில்லை. கொக்கு அக்கரை போய்ச் சேர்ந்தது. அதில் போனவர்கள் யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. குட்டைச் சுருட்டை முடியோடு ஒரு பெண் எந்தப் படத்திலாவது இருந்தால் அனுப்புங்கள். அவள் எந்தப் பக்கம் போனாள் என்று தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
கட்டைவிரல் மையோடு,
கயிற்றுக்காரன்


மார்ச் 19

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தை எங்கள் அறையில் சத்தமாக வாசித்தோம். வாசித்த கையோடு படப் பெட்டியைத் திரும்பத் திறந்தோம்.

இந்தப் பெட்டியில் இருக்கிற படங்களில் பெண்கள் மிகக் குறைவு. சுருட்டை முடி ஒரே ஒரு படத்தில்தான் கிடைத்தது. பெரிதாக அச்சிட்டு இணைத்திருக்கிறேன். புகை மூடியதால் கப்பல் எதுவும் தெரியவில்லை. வேறு யாராகவும் இருக்கலாம் ஐயா. தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டாம், பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
படக் காப்பகத்திலிருந்து


ஏப்ரல் 2

அம்மா,

அவள்தான். வேறு யாருமில்லை. ஒரு தோளை ஏற்றி ஒரு தோளை இறக்கி நடக்கிறாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். துணி மூட்டை இடுப்பில் இருக்கிறது. வாயைத் திறந்திருக்கிறாள். யாரையோ கூப்பிடுகிறாளா, புகைக்கு இருமுகிறாளா, தெரியவில்லை.

மருந்துக்கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு, “பெரியவரே, மூச்ச விடுங்க. மருந்தெல்லாம் கைக்கெட்டுற தூரத்துலதான் இருக்கு, உங்களத் தூக்கத்தான் ஆளில்ல” என்றார். விட்டேன்.

ஆனால் கரையிலிருந்து கடலைப் பார்த்து எடுத்த இந்தப் படத்தில் வரிசை இடப்பக்கம் திரும்புகிறது. இடப்பக்கம் எருமை. ஆக, விஷயம் முடிந்தது. இத்தனை வருஷம் வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பேன். இனி எட்டிப் பார்க்க வேண்டாம். நீங்கள் செய்தது பெரிய உபகாரம். கோபமில்லை. ஆனாலும் இனிமேல் படம் அனுப்பாதீர்கள்.

மனசு கேட்காமல் ஒன்று சொல்கிறேன். அவளுக்கு முன்னால் தூணருகே ஒருவன் முதுகு காட்டி நிற்கிறான் பாருங்கள். இடப்பக்கம் என்பதால் அவன் கோபக்காரனாகத்தான் இருக்க வேண்டும். காலடியில் கயிற்றை எப்படிச் சுற்றி வைத்திருக்கிறான்! கயிறு என்றால் கடிகார முள் போகிற பக்கம்தான் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் முறுக்கு அவிழ்ந்து பிணைந்துகொள்ளும். அவனுக்குக் கோபம் இருந்ததே தவிர வேலை சுத்தம். அவனா இப்படிச் சுற்றினான்? அன்றைக்கு எல்லோருக்கும் புத்தி கலங்கித்தான் போயிருந்தது.

உங்கள் நலம் கோரும்,
கயிற்றுக்காரன்


ஏப்ரல் 11

அன்புள்ள ஐயா,

நீங்கள் வேண்டாம் என்ற பிறகும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கயிற்றைப் பற்றி நீங்கள் திட்டியிருந்தது மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. படத்தைத் திரும்ப எடுத்து மற்றவர்களைப் பார்த்தேன். வரிசையில் நிற்கிற சிப்பாய்கள் அத்தனை பேருக்கும் சட்டைப் பித்தான் எதிர்ப்பக்கம் இருக்கிறது. ஒருவர் கயிறு தப்பாகச் சுற்றலாம், ஒரு படையே சட்டையைத் தப்பாகத் தைத்துப் போடுமா?

கீழ் அறைக்கு ஓடிப்போய் நெகட்டிவை எடுத்தேன். அதில் ஒரு பக்கம் பளபளப்பாக இருக்கும், ஒரு பக்கம் மங்கலாக இருக்கும். எந்தக் காலத்திலோ யாரோ அதைப் புரட்டிப் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள். படத்தில் எழுத்து ஒன்றுகூட இல்லாததால் யாரும் கவனிக்கவில்லை. நானும்தான். அதே அச்சைப் பார்த்துத்தான் உங்களுக்கும் பெரிதாக்கி அனுப்பினேன்.

ஐயா, படம் இடம் வலமாக மாறியிருக்கிறது. புது அச்சு வர ஒரு வாரம் ஆகும், உங்களைக் காக்க வைக்க மனம் வரவில்லை. கையில் இருக்கிற படத்தை ஒரு முகக்கண்ணாடிக்கு முன்னால் பிடித்து, கண்ணாடிக்குள் பாருங்கள்.

பதற்றத்துடன்,
படக் காப்பகத்திலிருந்து


ஏப்ரல் 15

அம்மா,

எங்கள் வீட்டுக் கண்ணாடி உள்ளங்கை அகலம். அதனால் எதிரே இருக்கிற முடிதிருத்தும் கடைக்குப் போனோம். கடைக்காரர் பாதி முகம் மழித்தவரை அப்படியே எழுப்பி நிறுத்திவிட்டு என்னை உட்கார வைத்தார். பாதி முகத்தோடு நின்றவர், “எனக்கென்ன அவசரம், மீதி எங்கயும் போகாது, நீங்க பாருங்க தாத்தா” என்றார். மருந்துக்கடைக்காரர் படத்தைப் பிடித்தார்.

கண்ணாடிக்குள் பாலம் தன் இடத்துக்கு வந்து நின்றது. நான் நின்ற பாலம், அதே பாலம். வரிசை வலப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் கொக்கு, அம்மா. கயிறு ஒழுங்காகச் சுற்றியிருந்தது. தூண் என் தூண்.

“அப்ப அந்த முதுகு?” என்றார் முடிதிருத்துபவர்.

ஒரு மனுஷன் தன் முதுகை எங்கே பார்த்திருக்கிறான்? என்னை நானே கோபக்காரன் என்று சொல்லித் திட்டியிருக்கிறேன். இருபது வயதுக்காரன், பனியன் நனைந்து ஒட்டியிருக்கிறது. அவனுக்குப் பின்னால், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அவள் போகிறாள். வாய் திறந்திருக்கிறது. கப்பல் சங்கு ஊதிய ஊதலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

சோப்பு நுரை காய்ந்துபோன அந்த மனுஷன்தான் மெதுவாக, “அவங்க கரை சேந்துட்டாங்க தாத்தா” என்றார்.

அக்கரையில் விசாரிக்க முடியுமா? உங்கள் மகன் வயதில் இருந்தால் காலில் விழுந்து கேட்பேன். கிழவன் என்பதால் சும்மா கேட்கிறேன்.

கயிற்றுக்காரன்


ஜூன் 27

அன்புள்ள ஐயா,

இரண்டு மாதம் நான் பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது. கையில் ஒன்றும் இல்லாமல் ஆசையை வளர்த்துவிடப் பயந்தேன்.

திருத்திய படத்தை அக்கரைத் துறைமுக அருங்காட்சியகத்துக்கு அனுப்பினேன். அவர்கள் அதை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி வாசலில் வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள், பழைய சிப்பாய்களின் பேரன்மார் வந்தார்கள். போன வாரம் ஒரு பாட்டி, மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். வரிசையில் இருந்த பெண்ணை அவர் கண்டுகொள்ளவே இல்லையாம். நேராகப் போய் முதுகு காட்டி நிற்பவர்மேல் விரலை வைத்தாராம். அவர் சொன்னதை அங்கிருந்த ஊழியர் அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறார்:

“இது எங்க அண்ணன். அண்ணே அண்ணேன்னு தொண்ட கிழியக் கத்தினேன், திரும்பவே இல்ல. அவ்வளவு திமிரான்னு கப்பல்ல பூரா கோபம். பாலத்த வெடிச்சுட்டாங்கன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் கோபப்பட ஆள் இல்லாமப் போயிட்டான். தெரு பேருக்குக் கடுதாசி போட்டேன், அப்படி ஒரு தெருவே இல்லன்னு திரும்பி வந்துச்சு.”

உயிரோடு இருக்கிறீர்கள் என்று சொன்னதும் பாட்டி கேட்டாராம்: “இப்பவாச்சும் திரும்பிப் பாப்பானா?”

அருங்காட்சியகத்தில் படத்தின் கீழே யார் யார், யார் இப்போது இருக்கிறார்கள் என்று எழுத விரும்புகிறார்கள். சொல்வீர்களா? இந்த வேலைக்கு வந்து பல ஆயிரம் படம் பார்த்திருக்கிறேன். ஒரு படம் பதில் பேசி இப்போதுதான் பார்க்கிறேன்.

அன்புடன்,
படக் காப்பகத்திலிருந்து


ஜூலை 5

மகளே,

இனி அம்மா என்று எழுத முடியாது, மகள் என்றே எழுதச் சொல்லிவிட்டேன். மருந்துக்கடைக்காரர் மூன்று தடவை எழுத்தை நிறுத்திவிட்டு மூக்கைத் துடைத்தார். தூசி என்கிறார். மருந்துக்கடையில் ஏது தூசி?

தங்கையின் மருமகள் போன் போட்டுக் கொடுத்தாள். தங்கைக்கும் எனக்கும் காது மந்தம். அவள் கத்த, நான் கத்த, தெருவே கேட்டது. எங்களுக்குத்தான் பாதி கேட்கவில்லை. “திரும்பிட்டேன், இப்பச் சொல்லு” என்றேன். அந்தப் பக்கம் அழுகையா சிரிப்பா, பிரிக்க முடியவில்லை. அடுத்த மாதம் கப்பலில் வருகிறாளாம். விமானத்தில் வரச் சொன்னால் மாட்டேன் என்கிறாள். போனபடிதான் வருவாளாம். நான் கடலைப் பார்த்து நிற்கப் போவதில்லை, ஏணிப்படியைப் பார்த்தே நிற்பேன்.

நீ கேட்ட விவரம். இந்தப் படத்திலும் தூக்குக்கட்டிலின் முன்பக்கம் நெட்டைதான், என்னோடு படகில் குதித்தவன். சண்டை முடிந்து ரயிலில் வேலை பார்த்தான், இப்போது இல்லை. பின்பக்கம் பிடித்திருப்பது அவன் மச்சான், அவனும் இல்லை. ஓரத்தில் பாதி உடம்பு தெரிகிறவர் சமையல்காரர், எருமையில் ஏறினார். கோபக்காரன் படத்தில் இல்லவே இல்லை. ஆனாலும் அவன் பேரையும் எழுது, வீணாகத் திட்டிவிட்டேன். முதுகு காட்டி நிற்பவன் நான். இருப்பவர் கணக்கில் என்னைச் சேர்க்கலாமா என்று மருந்துக்கடைக்காரர் கேட்கிறார். சேர்த்துக்கொள். எனக்குப் பின்னால் மூட்டையோடு வாயைத் திறந்துகொண்டு போகிறவளும் இருக்கிறாள். அவளுடைய சொந்தப் பேர் அங்கே எல்லோருக்கும் தெரியும். அதை எழுத வேண்டாம். அந்த வருஷம் மட்டும், முடி முளைத்த பிறகு, நான் அவளைக் கூப்பிட்ட பேர் ஒன்று உண்டு. படத்தின் கீழே அதைப் போடு: சுருட்டை.