கணபதிக் கங்காணியின் குரல்

மடுல்சீமை
2024 ஜனவரி 21

அன்பு மகள் சுதர்ஷினிக்கு,

அப்பா சொல்லச் சொல்ல, பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற கம்சலா எழுதுகிறாள். போனில் உன் குரல் கேட்டால் அம்மா லயத்தில் வீடு வீடாக உன்னைத் தேடி அழுகிறாள். அதனால் இனிக் கடிதம்தான்.

அம்மாவுக்கு என்னைத் தெரியவில்லை. பொங்கலன்று ஊட்டப் போனேன். "வேத்து ஆம்பள கையால நான் ஏன் சாப்பிடணும்? எங்க வீட்டுக்காரரு வரட்டும்" என்றாள். "நான்தாண்டி அது" என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அவரு இம்புட்டுக் கெழவன் இல்ல" என்றாள். எழுதுகிற கம்சலா சிரிக்கிறாள். அன்று நானும் சிரித்தேன். இப்போது அவள் தண்ணீர் தவிர எதையும் சரியாக எடுப்பதில்லை.

நீ மூளையைப் படம் பிடித்துப் படிக்கிற பிள்ளை. அவளுக்கு என்னை மறுபடி அடையாளம் தெரியுமா, தெரியாதா? அதை எழுது.

அப்பா வீரமலை (கைநாட்டு)

மெல்பேர்ன்
2024 பெப்ரவரி 9

அன்பான அப்பா,

ஒரு நினைவு மூளையில் ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. உங்கள் முகம் ஓரிடம், குரல் ஓரிடம், கல்யாண நாள் ஓரிடம். எல்லாம் ஒன்றோடொன்று பேசினால்தான் 'என் புருசன்' என்று தெரியும். மண் சரிந்தால் மடுல்சீமையும் இருக்கும், பசறையும் இருக்கும், பஸ்தான் வராது. அம்மாவுக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது.

நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூளையில் ஒரு வலை ஓடிக்கொண்டே இருக்கும். நம் கதையும் நம் மனிதர்களும் பெரும்பாலும் அதில்தான். இந்த மறதி நோய் அதை முதலில் பிடிக்கிறது. கை பழகிய வேலைக்கு வேறு பாதை. அது நீண்ட காலம் தாங்கும். அம்மாவின் கைக்குப் பழகியது எதையாவது தொடங்கிப் பாருங்கள்.

நீங்கள் கேட்டதற்கு என்னால் நல்ல பதில் சொல்ல முடியவில்லை அப்பா. உடைந்த பாதையைத் திரும்பப் போட எங்களுக்கு இன்னும் தெரியாது.

உங்கள் சுதர்ஷினி

மடுல்சீமை
2024 மார்ச் 3

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைக் கம்சலாவை மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். பிறகு அம்மாவின் கொழுந்துக் கூடையைத் தூசி தட்டி எடுத்தேன்.

செத்துப்போன கணபதிக் கங்காணி காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் கூப்பிடுகிற விதம் எனக்கு அப்படியே ஞாபகம். தொண்டையைச் செருமி, மூக்கால் இழுத்துக் கூப்பிடுவான். தலைப்பாகை கட்டிக்கொண்டு, வாசலில் நின்று, அதே மாதிரி, "இராக்கம்மா! பதினோராம் நம்பர் மலை!" என்றேன்.

"வந்துட்டேங்க கங்காணியாரே!"

எழுந்துவிட்டாள், மகளே. "சாப்பிட்டுட்டுப் போ" என்று அதட்டினேன். ரொட்டியை முழுக்கச் சாப்பிட்டாள். லயத்துக்குப் பின்னால் இருக்கிற தேயிலைச் செடிகளில் கொழுந்து எடுக்கிறாள். விரல் இன்னும் பிசகவில்லை.

தினமும் இப்படித்தான். அந்தக் கணபதியை எனக்கு ஒரு நாளும் பிடிக்காது. அவன் சொன்னால் சாப்பிடுகிறாள், நான் சொன்னால் இல்லை.

அப்பா (கைநாட்டு)

மெல்பேர்ன்
2024 மார்ச் 22

அன்பான அப்பா,

வாசித்துவிட்டுச் சிரித்தேன், அழுதேன். கங்காணியாகவே இருங்கள். ஆகஸ்டில் வருகிறேன். அம்மா உங்களைப் பற்றி ஏதாவது கேட்கிறாரா?

உங்கள் சுதர்ஷினி

மடுல்சீமை
2024 ஏப்ரல் 14

அன்பு மகளுக்கு,

கேட்கிறாள். கங்காணியிடம் கேட்கிறாள்.

நேற்றுப் பின்னேரம் கூடையை இறக்கிவிட்டு, "கங்காணியாரே, இன்னிக்கு நேரத்தோட விட்டுடுங்க. எங்க வீட்டுக்காரரு தனியா இருப்பாரு. ஒரு தேத்தண்ணி ஊத்திக்கக்கூட அந்த மனுசனுக்குத் தெரியாது" என்றாள். இத்தனை வருசத்தில் எனக்காக அவள் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை. "போம்மா" என்றேன், கணபதி குரலில்.

அவள் லயத்தைச் சுற்றி முன்வாசலுக்கு வருவதற்குள் பின்பக்கக் குசினி வழியாக ஓடி, தலைப்பாகையை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே வந்தவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "என்னங்க கங்காணியாரே, இங்கயும் வந்துட்டீங்க? அவரு வர்ற நேரங்க."

"போறேம்மா" என்று எழுந்து வெளியே வந்தேன். தூறல். பிளாஸ்கைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். நான் கூரைத் தாழ்வாரத்தில் நின்றேன்.

அவள் கண்ணயர்ந்த பிறகு உள்ளே போனேன். கோப்பையில் தேத்தண்ணி ஆறியிருந்தது. பக்கத்தில், நான் வழக்கமாகக் கடித்துக்கொண்டு குடிக்கிற ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி வைத்திருந்தாள்.

கணபதி சீனி போட்டுக் குடிக்கிறவன்.

அப்பா (கைநாட்டு)