மதலேனாவுக்குத் தைத்த சட்டைகள்

சேசு மரி சூசை

பன்வில,
1931 ஆகஸ்ட் 11

அன்புள்ள பத்மா,

நான் சுகம். நீயும் உன் வீட்டுக்காரரும் மாமியும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். கலியாணம் முடிந்து கெலிஓயாவுக்குப் போன பிறகு நீ எழுதிய கடிதங்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம். தபால் அதிபரின் மனைவிக்கு முத்திரைக்கா பஞ்சம்?

சரி, கோபத்தை விடுகிறேன். நேற்று எங்கள் தோட்டப் பாடசாலை அலுமாரியைத் துப்புரவு செய்தேன். பழைய வரவு இடாப்புகளுக்கு அடியில் கறையான் தின்ற ஒரு சின்னப் புத்தகம் கிடந்தது. அட்டையைப் பார்த்ததும் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். "மதலேனா மழையில் வந்தாள்." ஒன்பதாம் புத்தகம், பத்மா!

பாலன் பிறக்கும் நத்தாருக்கு ஒன்றாகப் பதினைந்து வருடம் வந்த புத்தகங்கள். முதல் புத்தகத்தில் அவளுக்கு ஆறு வயது, அடுத்ததில் ஏழு, அதற்கடுத்ததில் எட்டு. நமக்கும் ஏறக்குறைய அதே வயது. மடத்துப் படிக்கட்டில் ஒரே புத்தகத்தை இருவரும் மடியில் வைத்து வாசிப்போம். நான் பக்கத்தைப் புரட்டப்போவேன், நீ "பொறு, பொறு" என்று கையைப் பிடிப்பாய்.

இன்று மூன்றாம் வகுப்புக்கு வாசித்துக் காட்டினேன். முடிந்ததும் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், அந்தப் புள்ள இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டது. கடைசிப் புத்தகத்தில் அவள் இருபது வயதில் ஜன்னலருகே நிற்கிறாள். அதோடு புத்தகங்கள் நின்றுவிட்டன. ஏன் என்று உனக்காவது தெரியுமா?

என்றும் உன்
றீற்றா

---

சிவமயம்

கெலிஓயா,
1931 ஆகஸ்ட் 17

என் அன்பு றீற்றா,

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. மூன்று மாதமாகச் சோறு வாசம் ஆகவில்லை. இப்போது விளங்கியிருக்குமே? மாசி மாதம் என்று மருத்துவிச்சி சொல்கிறாள். மாமி என்னை வாசலைத் தாண்ட விடுகிறாரில்லை.

மதலேனா! ஒவ்வொரு புத்தகத்திலும் இரண்டாம் பக்கத்தில் அவளுடைய புதுச் சட்டை வரும், நினைவிருக்கிறதா? சிவப்புப் பொட்டுப் போட்ட வெள்ளைச் சட்டை முதலாவது. நாலாவதில் கழுத்தில் பின்னல் வைத்த நீலச் சட்டை. அதுபோல ஒன்று வேண்டுமென்று அழுது அப்பாவிடம் அடி வாங்கினேன். எழுதியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் "ஓர் தந்தை" என்று மட்டும் இருக்கும். யாரோ சுவாமியார் என்று நினைத்து, கோயிலுக்கு வரும் சுவாமிமாரையெல்லாம் நாம் உற்று உற்றுப் பார்த்தோமே!

ஏன் நின்றது என்று எனக்கும் தெரியாது. புத்தகம் அடித்த அச்சுக்கூடம் கண்டியில் இன்னும் இருக்கிறது என்று இவர் சொல்கிறார். நீதான் சுதந்திரப் பறவை. போய் விசாரித்து எனக்கு எழுது. வீட்டுக்குள் இருக்கிற எனக்கு அதுவே பெரிய பொழுதுபோக்கு.

உன்
பத்மா

---

சேசு மரி சூசை

பன்வில,
1931 செப்டெம்பர் 13

அன்புள்ள பத்மா,

நல்ல செய்திக்கு ஆயிரம் முத்தங்கள். நன்றாகச் சாப்பிடு.

நீ சொன்னபடி போனேன். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கும் பளீல் நானா என்ற வயதானவர் இருந்தார். "ஓர் தந்தை" சுவாமியார் அல்ல. அங்கேயே பிழை திருத்துபவராக இருந்த மத்தியாஸ் என்பவர். "புள்ள பெரிய மனுசியாப் போனா, சின்னப் புள்ளைகள் வாசிக்குமா? அதான் நிப்பாட்டினாங்க," என்றார் நானா. குண்டசாலையில் வீடு என்று சொல்லிவிட்டு, "நீங்க என்னத்துக்குப் புள்ள அந்த ஊட்டுக்குப் போற?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் போனேன். மகாவலி கங்கையை ஒட்டிய சின்ன வீடு. மத்தியாஸ் ஐயாவுக்குக் கண்ணில் புரை. மனைவி றோஸ் அம்மா கதவைத் திறந்தார். மதலேனா புத்தகங்களை வாசித்து வளர்ந்தவள் என்று நான் சொன்னதும், என்னை மேலும் கீழும் பார்த்து, "உள்ளுக்கு வாங்க," என்றார்.

பத்மா, மதலேனா அவர்களுடைய மகள். ஐந்து வயதில், ஒரு வெள்ளத்தில், வீட்டுப் படியிலிருந்து ஆறு கொண்டுபோய்விட்டது. உடல் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் நத்தார் வந்தபோது றோஸ் அம்மா வழக்கம்போல மகளுக்குச் சட்டை தைத்தாராம், ஆறு வயது அளவில். அந்தச் சட்டையைப் பார்த்துத்தான் ஐயா முதல் புத்தகத்தை எழுதியிருக்கிறார். சட்டை முதலில், கதை பிறகு. எல்லா வருடமும் அப்படித்தான்.

அம்மா அலுமாரியைத் திறந்து காட்டினார். சிவப்புப் பொட்டுச் சட்டை இருந்தது. உன் நீலச் சட்டையும் இருந்தது. பிறகு பாவாடைகள், பிறகு சேலையும் ரவிக்கையுமாக. புத்தகம் நின்ற பிறகும் தைத்திருக்கிறார். ஒன்றையும் யாரும் உடுத்தியதில்லை. ஆனால் மடிப்புகளில் வேர்வை வாசம் இருந்தது. என் மூக்கின் பிழையாகவும் இருக்கலாம்.

அடுத்த ஞாயிறும் வரச் சொன்னார்கள்.

உன்
றீற்றா

---

சிவமயம்

கெலிஓயா,
1931 செப்டெம்பர் 21

அன்பு றீற்றா,

வாசித்து முடித்துக் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தேன். நாம் சிரித்துச் சிரித்து வாசித்தது ஒரு செத்த பிள்ளையைப் பற்றியா? இவரிடம் சொன்னேன். "பாவம் அந்தச் சனம். ஆனா றீற்றாவை அங்க அடிக்கடி போகவேண்டாமெண்டு எழுதும்," என்றார்.

அனுதாபம் காட்டியாயிற்று, போதும். இனிப் போகாதே.

ஆனால் ஒன்று கேட்கவேண்டும் போலிருக்கிறது, கேட்காமலிருக்கவும் முடியவில்லை. புத்தகம் நின்ற பிறகு ஐயா எழுதினாரா? ஜன்னலருகே நின்றவளுக்கு என்ன ஆயிற்று?

உன்
பத்மா

---

சேசு மரி சூசை

பன்வில,
1931 நவம்பர் 1

அன்புள்ள பத்மா,

நீ கேட்டாய், அதனால் எழுதுகிறேன்.

எழுதியிருக்கிறார். வருடத்துக்கு ஒரு கொப்பி, கடைசித் தாள்வரை அவர் கையெழுத்து. 1927ஆம் வருடக் கொப்பியில் மதலேனா தேயிலைத் தோட்டமொன்றில் ஆசிரியையாகப் போகிறாள். மலைப் பாதையில் பிள்ளைகள் அவளுடைய குடையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அலுமாரியைக் கறையான் தின்கிறது. நான் பன்விலவுக்கு வந்தது 1928இல். அப்போது அவர்களுக்கு என்னைத் தெரியாது.

இப்போது ஐயாவால் எழுத முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சொல்ல, நான் எழுதுகிறேன். சில நேரம் அவர் வாய் திறக்கும் முன்பே அடுத்த வசனம் எனக்குத் தெரிந்துவிடுகிறது. நான் எழுதி முடித்து வாசித்தால், "அதேதான்," என்று தலையசைக்கிறார்.

போன ஞாயிறு அம்மா இந்த நத்தாருக்குத் தைத்த ரவிக்கையை எடுத்துவந்து, "சும்மா போட்டுப் பாரு புள்ள," என்றார். தோள், கை, இடுப்பு எல்லாம் என்னை அளந்து வெட்டியது போல இருந்தது. அம்மா அழவில்லை. சிரிக்கவுமில்லை. கழுத்தில் தொங்கிய நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "சரியா இருக்கு," என்றார்.

கோபிக்காதே.

றீற்றா

---

சிவமயம்

கெலிஓயா,
1931 நவம்பர் 7

றீற்றா,

கோபிக்காமல் என்ன செய்ய?

பத்து வயதில், மடத்து அநாதைப் பிள்ளைகளின் பெயர்கள் எழுதிய சிஸ்ரர் அகத்தாவின் பெரிய இடாப்பைத் திருட்டுத்தனமாகத் திறந்து, எனக்கு ஒரு பக்கத்தைக் காட்டினாய். "தந்தை மனுவேல், தாய் அந்தோனியம்மா, பன்வில, இருவரும் காய்ச்சலில் மரணம்." உரக்க வாசிக்கச் சொன்னாய். வேறொருவர் வாயால் கேட்டால்தான் அவர்கள் உண்மையாக இருந்தார்கள் என்று தோன்றுகிறது என்றாய். அவர்கள் உழைத்து மாண்ட மலையில்தான் படிப்பிக்கவேண்டுமென்று பிடிவாதமாகப் பன்விலவுக்குப் போனாய். கொப்பியில் எழுதியிருந்ததால் நீ போகவில்லை. மனுவேலின் மகளாக இருந்ததால் போனாய். இதை மறக்காதே.

நத்தார் விடுமுறைக்கு இங்கே வா. பிள்ளை பிறக்கும்வரை என்னோடு இரு. மாமியிடம் கேட்டுவிட்டேன், சம்மதித்துவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளைப்பேற்றை நினைத்து மட்டுமல்ல.

உன்
பத்மா

---

குண்டசாலை,
1931 டிசெம்பர் 27

பத்மா,

வர முடியவில்லை. தோட்டத் துரையிடம் சொல்லிவிட்டு வேலையை விட்டுவிட்டேன். இங்கே அறை இருக்கிறது. கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் மூன்று கோப்பை எப்போதும் வைப்பார்களாம். இப்போது மூன்றும் நிறைகின்றன.

பிள்ளை நல்லபடி பிறக்கட்டும்.

ம

(பிழை. மன்னி. றீற்றா)

---

சிவமயம்

கெலிஓயா,
1932 ஜனவரி 18

றீற்றா,

சனிக்கிழமை நான் வந்ததை நீ அறிவாய். ஆனாலும் எழுதுகிறேன். கண்டும் காணாதவள் போல நின்றாயே, உனக்கு யாராவது சொல்லவேண்டும்.

எட்டு மாத வயிற்றோடு, மாமி கத்தக் கத்த, இவரையும் இழுத்துக்கொண்டு வந்தேன். றோஸ் அம்மா கதவைத் திறந்தார். "றீற்றா ரீச்சரைப் பார்க்க வந்தனான்," என்றேன்.

"றீற்றா டீச்சரா? பாவம், நல்ல புள்ள. ஆறு கொண்டு போயிருச்சிங்க."

"என்ன சொல்லுறியள்?"

"நத்தாருக்கு முந்தி. தண்ணி ஏறினப்ப." கறிக்கு உப்புப் போதவில்லை என்பதைப் போலச் சொன்னார்.

அவருக்குப் பின்னால், ஜன்னலருகே, மஞ்சள் சேலையில் நீ இருந்து எழுதிக்கொண்டிருந்தாய். பேனா இடக்கையில் இருந்தது. புத்தகத்து மதலேனா இடக்கைக்காரி. றீற்றா அல்ல.

"அந்தா இருக்கிறாளே!" என்று நான் கத்திவிட்டேன்.

"அது எங்க மகளுங்க. மதலேனா, யாரு வந்திருக்காங்க பாரு."

நீ திரும்பினாய். அந்த ஒரு கணம் நீ ஓடி வந்து என்னைக் கட்டிக்கொள்வாய் என்று நினைத்தேன். நீ எழுந்து கதிரையை இழுத்துப் போட்டு, "உக்காருங்க. மாசமா இருக்கீங்க, நிக்கக் கூடாது. தேத்தண்ணி ஊத்தவா?" என்றாய்.

"நீங்க" என்றாய். என்னை!

இவர் என் கையைப் பிடித்து, "வாரும், போவம். இனி இதில நிக்கவேண்டாம்," என்றார். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். கண் தெரியாத அந்த ஐயா எங்களைப் பார்த்தபடியே இருந்தார்.

அவர்கள் உன்னைப் பயமுறுத்துகிறார்களா? பூட்டி வைத்திருக்கிறார்களா? ஒரே ஒரு வரி எழுது. இவர் பொலிஸாரைக் கூட்டிக்கொண்டு வருவார்.

பத்மா

---

குண்டசாலை,
1932 பெப்ரவரி 2

பத்மா,

எழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இந்தக் கைக்கு இன்னும் பழகவில்லை.

பொலிஸ் வேண்டாம். கதவுக்குப் பூட்டே இல்லை. எனக்குப் புத்தியும் பேதலிக்கவில்லை. நான் யார் என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன். நாங்கள் அதைப் பேசுவதில்லை.

நவம்பரில் ஒருநாள் பஸ் பிந்திவிட்டது. மழையில் நனைந்து வந்தேன். அம்மா வாசலில் நின்று, "எங்க புள்ள போன இவ்வளவு நேரம்? உசிரே போயிருச்சு," என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். இருபத்தைந்து வயதில் நான் வாங்கிய முதல் அடி அது. பிறகு சேலைத் தலைப்பால் என் தலையைத் துவட்டினார். உனக்கு அம்மா இருந்தார், பத்மா. இதை உனக்கு விளங்கப்படுத்த என்னால் முடியாது.

மனுவேலும் அந்தோனியம்மாவும் மன்னிப்பார்கள். செத்தவர்கள் காத்திருப்பார்கள். இவர்கள் இருவருக்கும் நாள் அதிகமில்லை.

ஒன்றுதான் எனக்கே பயமாக இருக்கிறது. ஐயா எந்தப் புத்தகத்திலும் அந்த வெள்ளத்தை எழுதவில்லை. யாரும் எனக்கு விவரமாகச் சொல்லவுமில்லை. ஆனால் சில நாட்களாக எனக்கு அது நினைவு வருகிறது. தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது, வாயில் மண் கரகரக்கிறது. தலைக்கு மேலே அம்மாவின் கை வந்து வந்து போகிறது, எட்டவில்லை. போன வாரம் அதை எழுதி ஐயாவுக்கு வாசித்தேன். அவர் என் பக்கம் திரும்பி, "கையில வளையல் இருந்திச்சா?" என்றார். "ஒண்ணு. கண்ணாடி வளையல்," என்றேன். உள்ளே அம்மா அழும் சத்தம் கேட்டது.

பதினைந்து புத்தகத்திலும் ஐந்து கொப்பியிலும் மதலேனாவுக்குத் தோழி என்று ஒருத்தி இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். நீ வந்து போன பிறகு அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. நீ கூப்பிட்டால் நான் போய்விடுவேனாம்.

கூப்பிடாதே. கூப்பிட்டால் வந்துவிடுவேன். றீற்றா என்று எழுதி வரும் கடிதத்தைக் கொண்டுவரவேண்டாமென்று தபால்காரரிடம் சொல்லிவிட்டேன்.

உன் கன்னத்தில் ஒரு முத்தம். கடைசியாக,

றீற்றா

---

சிவமயம்

கெலிஓயா,
1932 மார்ச் 20

அன்புள்ள மதலேனா அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் புத்தகங்கள் பதினைந்தையும் சிறு வயதில் வாசித்தவள். ஜனவரியில் ஒருமுறை உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, தேத்தண்ணீர் குடிக்காமல் போனேன். மரியாதைக் குறைவுக்கு மன்னிக்கவும்.

எனக்கு ஒரு தோழி இருந்தாள். உங்கள் பக்கத்து ஆற்றில் போய்விட்டாள் என்று உங்கள் தாயார் சொன்னார். நான் நம்பவில்லை. பிறகு இந்த ஒரு மாதமாகப் படுக்கையில் கிடந்து யோசித்தேன். நான் கூப்பிட்டால் வருவாள் என்று எனக்குத் தெரியும். வந்தால் அந்த வீட்டில் இரண்டாம் முறை ஒரு பிள்ளை சாகும். அதை என்னால் செய்ய முடியவில்லை. ஆகவே அவள் போய்விட்டாள் என்றே ஒப்புக்கொள்கிறேன்.

பெப்ரவரி 24ஆம் தேதி எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. நிறையத் தலைமயிர், பெரிய குரல். பெயர் பதிய இவர் போனபோது நான் சொல்லியனுப்பிய பெயரைக் கேட்டு, "உமக்கு விசரே? சைவப் பிள்ளைக்கு இது என்ன பேர்?" என்று சத்தம் போட்டார். மாமி மூன்று நாள் குழந்தையைத் தூக்கவில்லை. நான் விடவில்லை. நல்ல பெயர் ஒன்று யாருக்கும் வேண்டாமல் கிடந்தது. அதை என் மகளுக்கு எடுத்துக்கொண்டேன். இப்போது இந்த வீட்டில் நாள் முழுக்க யாராவது "றீற்றா, றீற்றா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம். சிலவேளை நான் சும்மாவே கூப்பிடுகிறேன்.

உங்கள் பெற்றோருக்கு என் வணக்கம். ஆற்றில் தண்ணீர் ஏறும் நாட்களில் அந்தப் படியில் இறங்காதீர்கள். கண்டபடி சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம், வாசகிக்கு அந்த உரிமை உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியதும் அவளுக்கு நிறையக் கதைகள் வாங்கிக் கொடுப்பேன். உங்கள் புத்தகங்களை மட்டும் கொடுக்க மாட்டேன்.

தங்கள் வாசகி
பத்மாதேவி இராஜரத்தினம்