வண்டியும் சுகம்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், மூன்றாவதாக நம் வண்டியும் பூரண சுகம். அங்கே நீயும் மருமகளும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ ஒரு முடிவைச் சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால் நிதானமாக உட்கார்ந்து படி.

முதலில் திட்டவேண்டியதைத் திட்டிவிடுகிறேன், அப்போதுதான் நல்ல சேதி எழுதக் கை வரும். நீ விடுமுறை முடிந்து கிளம்பிய இரண்டாம் வாரமே வண்டி பின்னால் புகை விட ஆரம்பித்தது உனக்குத் தெரியும். சாதாரணப் புகையா அது, நான் தெருவில் திரும்பினாலே எதிர்வீட்டு டீச்சர் ஜன்னலைச் சாத்துவாள், மாடிவீட்டுக்காரர், கொசு மருந்து வண்டி வந்துடுச்சு, எல்லாரும் உள்ள போங்க என்று கத்துவார். நம் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் பானெட்டைக்கூடத் திறக்காமல் பின்னால் நின்று பார்த்துவிட்டு, இன்ஜின்ல ரிங் தேஞ்சுபோச்சும்மா, ஆயிலைக் குடிக்குது, இறக்கி வேலை பாக்கற அளவுக்கு இந்த வண்டி தாங்காது, குடுத்துடுங்க என்றார். அதை உன்னிடம் சொன்னதுதான் நான் செய்த தப்பு. மறுநாளே நீ அங்கிருந்தபடி பழைய இரும்புக் கடைக்காரரைப் பிடித்து, அடுத்த சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாய். அதோடு விட்டாயா, வண்டிக்கும் வயசாச்சு, உனக்கும் வயசாச்சு, அலைஞ்சது போதும், வீட்டுல இரும்மா என்றாய். போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன்டா. ஐம்பத்தாறு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வீடு வீடாகப் போய்ப் புண் கட்டுகிறேனே, பொழுது போகாமல் செய்கிற வேலை என்றா நினைத்தாய். மேட்டுத் தெருவில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் சர்க்கரைப் புண்ணோடு காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார், அந்த மேட்டுக்குப் பஸ் கிடையாது. வண்டி போனால் அவர் போனார், அவரோடு சேர்த்து என் நோயாளிகள் ஆறு பேரும் போனார்கள், நானும் இந்த வீட்டுச் சாமான்களில் ஒன்றாக நாற்காலியில் கிடக்க வேண்டியதுதான்.

ஆனால் முப்பத்திரண்டு வருஷம் வார்டில் நின்றவளிடம் தொட்டுப் பார்க்காமலே நோய்க்குப் பேர் வைத்தால் விடுவேனா. காய்ச்சல்காரருக்குப் போடுவதுபோல் வண்டிக்கு ஒரு சார்ட் போட்டேன், நேரம், நிறம், வாசனை, அளவு. தர்மாமீட்டரை எங்க வைப்ப என்று அப்பா சிரித்தார், சிரித்துவிட்டுப் போகட்டும். நாலு நாள் காலையும் மாலையும் அவரை உள்ளே உட்காரவைத்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு நான் பின்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். புகை கறுப்பு இல்லை, வெள்ளையும் இல்லை, நீலம் பாய்ந்த சாம்பல் நிறம். இன்ஜின் சூடு ஏற ஏற அதிகம். வெள்ளையாகத் தித்திப்பு வாசனையோடு வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது என்பார்கள், இங்கே தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. புண் துடைக்கும் காஸ் துணியைக் குச்சியில் கட்டி சைலன்சர் வாயில் பிடித்தேன், துணியெல்லாம் பொட்டுப் பொட்டாக எண்ணெய். ஆக எரிவது ஆயில்தான், அதுவரை மெக்கானிக் சொன்னது சரி. ஆனால் குடிக்கிறது என்றால் குறைய வேண்டாமா? ஆயில் அளவு பார்க்கும் கம்பியைத் தினமும் வாசலில் வைத்து உருவித் துடைத்துப் பார்க்கிறேன், மேல்கோட்டில் ஜம்மென்று நிற்கிறது. இத்தனை புகை விட்டும் ஒரு நூல் இறங்கவில்லை. பட்டினி கிடக்கிறேன் என்கிற நோயாளிக்கு எடை குறையாவிட்டால் நாங்கள் முதலில் தலையணைக்கு அடியில்தான் தேடுவோம்.

செவ்வாய்க்கிழமை மனசு கேட்காமல் புகையோடு புகையாகத் தபால்காரர் வீட்டுக்கே போய்விட்டேன். புண்ணைக் கட்டி முடித்து, வண்டி ஆறும்வரை காத்திருந்து, அங்கேயும் கம்பியை உருவினேன். அவர் வீட்டு முன்பக்கம் தட்டையான சிமெண்ட் தரை. பார்த்தால் ஆயில் மேல்கோட்டுக்கு இரண்டு விரல்கடை மேலே! கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன், அதேதான். அப்போதுதான் பொறி தட்டியது. நம் வாசல் சரிவுடா! வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, ஆயில் பின்பக்கம் ஓடிவிடுகிறது, கம்பியில் குறைவாகத் தெரிகிறது. சரியான அளவில் இருந்தாலும் அந்தச் சரிவில் பார்த்தால் குறைச்சல்தான், பார்த்தவர் ஊற்றாமல் இருப்பாரா? நான் ஊற்றினேன், ஒத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்து அப்பாவைப் பிடித்து உலுக்கினேன், கொஞ்ச நேரம் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்திருந்துவிட்டு, நீ தனியா போறியேன்னு ஒரு டப்பா ஊத்தினேன் என்றார். ஆனால் டிக்கியில் அரை லிட்டர் காலி டப்பா மூன்று. மூன்றாவது, நீ ஊருக்குக் கிளம்பிய நாள் செய்தித்தாளில் சுற்றி, உன் வழக்கப்படி நாலு முடிச்சுப் போட்ட பைக்குள் இருந்தது. என்ன, முழிக்கிறாயா? சர்வீஸ் முடிந்து வந்த வண்டிக்கு ஒரே வாரத்தில் மூன்று பேர், ஒருத்தருக்கொருத்தர் மூச்சுக் காட்டாமல்! அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது ஆயிலுக்கும் சேர்த்துத்தான்.

புதன்கிழமை மெக்கானிக்கிடம் போய் சார்ட்டை நீட்டினேன். சர்வீஸ்ல நானே அளந்து ஊத்தின ஆயிலும்மா, அதைப் போய் என்ன பாக்கறது என்றார். சமதரையில் நிறுத்திக் கம்பியை உருவி அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன். அதிகப்படி ஆயிலை இறக்கினார், ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதைத்தான் இன்ஜின் கடைந்து நுரையாக்கி, காற்றுக் குழாய் வழியாக உள்ளே இழுத்து எரித்திருக்கிறது. குழாயைத் துடைத்து, பிளக்கைச் சுத்தம் செய்து, உள்ள ஒட்டினது எரிஞ்சு தீர ரெண்டு நாள் ஆகும், பயப்படாதீங்க என்றார். பயப்படாமல் எப்படி, சனிக்கிழமை நெருங்குகிறதே. வியாழக்கிழமை பாதிப் புகை, வெள்ளிக்கிழமை ஒரு இழை, சனிக்கிழமை விடிந்ததும் நான் ஸ்டார்ட் செய்து பார்ப்பதற்குள் இரும்புக் கடைக்காரர் இழுவை வண்டியோடு வாசலில் நிற்கிறார். சாவியை எடுத்துக்கொண்டு போய், ஏறுங்க, ஒரு சுத்து போயிட்டு வருவோம் என்றேன். மேட்டுத் தெருவில் இரண்டாம் கியரில் நன்றாக மிதித்து ஏற்றினேன், அவர் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார், நான் கண்ணாடியில் பார்க்கிறேன், தெரு பளிச்சென்று தெரிகிறது. உச்சியில் இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டு, இதைப் போய் உடைக்கச் சொன்னது யாரும்மா என்றார். என் பையன்தான் என்றேன், எவ்வளவு குஷியாகச் சொன்னேன் தெரியுமா! இழுவை வண்டி வெறுங்கையோடு திரும்பிப் போனதைத் தெருவே நின்று பார்த்தது, டீச்சர் ஜன்னலில் நின்று கை தட்டினாள். அப்பா அந்த மாடிவீட்டுக்காரரைப் பிடித்து வைத்து, தானே கண்டுபிடித்த மாதிரி விளக்கிக்கொண்டிருந்தார், போனால் போகிறது என்று விட்டுவிட்டேன்.

உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டது. ஆயில் ஊற்றியதும் அக்கறையில்தான், விற்கச் சொன்னதும் அக்கறையில்தான், பெற்றவளுக்குத் தெரியாதா. ஆனால் ஒன்று மட்டும் மனசில் வைத்துக்கொள். என்னால் முடியவில்லை என்கிற நாள் வந்தால் அதை நானே சொல்வேன், எனக்கு முன்னால் நீ சொல்லாதே.

மூவரும் நோய்நொடி அண்டாமல், நினைத்தது நடந்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். குட்டியின் கன்னத்தில் எனக்காக ஒரு முத்தம். அடுத்த முறை வரும்போது டாக்சி ஏதும் ஏற்பாடு செய்யாதே, விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். பெட்டியைப் பின்னால் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார், வழி சொல்லாதே.

இப்படிக்கு,
ஓட்டிக்கொண்டே இருக்கும் உன் அம்மா.