முடியாது சார்

நவம்பர் 6, வியாழன்

காலையிலிருந்து தூறல். மொட்டைமாடிக் கொடியில் யூனிபார்ம் அப்படியே ஈரம். புதன் சாயங்காலம் சென்ட்ரலில் ரயில். அதற்குள் காய்ந்தால் சரி.

வேலை: பூட்ஸ் பாலிஷ். காஸ் புக் பண்ணுவது. லஸ்ஸில் மூக்குக்கண்ணாடிக்கு ஸ்க்ரூ. வக்கீல்.

மோட்சமேரியம்மா இன்றும் வரவில்லை. நான் லீவில் வந்ததிலிருந்தே வரவில்லை. சாந்தோம் குப்பத்திலிருந்து மீன் அன்னக்கூடையோடு கிளம்பினால் முதல் வியாபாரம், அதாவது போணி, எங்கள் வீட்டில்தான். செல்விக்குக் கைராசியாம். என் பெண்டாட்டிக்கு அந்த ஒரு பெருமை. போணிக்கு நிற்கும்போது யாராவது 'வேணாம்', 'முடியாது' என்றால் போச்சு. வேறு வீடு ஏறமாட்டார், நிரம்பிய கூடையோடு திரும்பிவிடுவார். அதனால் மீன் வேண்டாத நாளிலும் செல்வி ஒரு கை நெத்திலியாவது வாங்கிவிடுவாள். இந்தத் தெருவில் யாருமே அவரிடம் போணிக்கு இல்லை என்று சொன்னதில்லை.

இப்போது பக்கத்துத் தெருவில் போணியாம். செல்விக்கு முகமே சரியில்லை. சாம்பாரை ணங்கென்று வைத்தாள்.

அவர் மகன் சகாயமும் நானும் ஒன்றாகப் போய் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். ஒரே யூனிட். இப்போது அவன் காவலில். நான் சாட்சி.

நவம்பர் 7, வெள்ளி

மழை விட்டது. புழுக்கம்.

யூனிட் சுபேதார் போன். நம்ம ஊர்ப்பக்கத்து ஆள், நல்லவர்தான், அதுதான் தொல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தார். பிடிபட்டவர்கள் தப்பி ஓடினார்கள், நம் ஆட்கள் சுட்டார்கள், உன் துப்பாக்கி மட்டும் ஜாம் ஆகிவிட்டது. அவ்வளவுதான். உத்தரவும் இல்லை, மறுப்பும் இல்லை. மேஜருக்கும் நல்லது, சகாயத்துக்கும் நல்லது, எனக்கும் கீழ்ப்படியாத குற்றம் வராது. லீவு கொடுத்ததே நீ யோசிக்கத்தான் என்றார்.

நடந்ததை ஒரே தடவை எழுதிவிடுகிறேன்.

மலைச் சோதனைச்சாவடி. சுபேதார் அன்று அங்கே இல்லை. பிடிபட்டது இரண்டு பேர். கை பின்னால் கட்டி, தரையில் உட்கார வைத்திருந்தோம். ஒருவனுக்குச் செருப்பு இல்லை. மேஜர் என்னிடம் வந்து, இரண்டு பேரையும் முடித்துவிடு என்றார். "முடியாது சார்." பதற்றத்தில் தமிழில் வந்துவிட்டது. பிறகு இந்தியிலும் சொன்னேன். துப்பாக்கியைத் தரை பார்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேஜர் என்னைத் திட்டக்கூட இல்லை. அடுத்த ஆளைப் பார்த்தார்.

அடுத்த ஆள் சகாயம். அவன் சுட்டான்.

யாரும் ஓடவில்லை.

செல்வியிடம் சுபேதார் சொன்னதைச் சொன்னேன். "நீங்க சுடலைல்ல, அது போதாதா? செத்தவங்க இனிமே வரப்போறாங்களா? இருக்கறவன் வரட்டுமே" என்றாள். காஸ் புக் பண்ண மறந்து போச்சு. அதற்கும் திட்டு.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை முடிந்து மோட்சமேரியம்மா வந்தார். கூடை இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. பட்டுப்புடவை, தலையில் முக்காடு. நாற்காலியில் உட்காரச் சொன்னால் தரையில் உட்கார்ந்தார். காப்பி ஆறிப் போனது.

சுபேதார் அவரிடமும் பேசியிருக்கிறார். அம்மா சுற்றி வளைக்கவில்லை.

"எம்புள்ள ஒண்டியா கீறான் நைனா. துப்பாக்கி மக்கர் பண்ணிச்சுன்னு சொன்னா உனுக்கு இன்னா கொறைஞ்சிடும்? நீ மாட்டேன்னு சொன்னேன்னு போய் சொன்னா, அப்ப இவனும் சொல்லிருக்கலாம்லன்னு கேப்பாங்க. உன் நாயம்தான் அவன் கழுத்துக்குக் கயிறு."

வக்கீலிடம் போகாமலே கேஸைப் புரிந்துகொண்டுவிட்டார்.

அவன் ஒரு பூனைக்குட்டியைக்கூட விரட்டமாட்டானே என்றார். உண்மை. யூனிட்டில் சமையற்கட்டுப் பூனைக்கு மூன்று பெயர் வைத்திருந்தான்.

நான் சொன்னது: பாக்கலாம்மா. பாக்கலாம்! எச்சில் துப்பத் தோன்றுகிறது என் மேலேயே. ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். போகும்போது செல்வியின் தலையில் கை வைத்தார்.

நவம்பர் 10, திங்கள்

மறுபடி மழை. தேனாம்பேட்டை சிக்னலில் முழங்கால் தண்ணீர். ஆட்டோக்காரர் இறங்கித் தள்ளினார், நானும் தள்ளினேன்.

வக்கீல் பட்டாளத்துச் சட்டப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். முழுக்கக் கேட்டார். கீழ்ப்படியச் சொல்லிச் சட்டத்தில் இருப்பது சட்டப்படியான கட்டளைக்குத்தான், வெறும் கட்டளைக்கு இல்லை என்றார். பாராட்டுவார் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"நீங்க பண்ணது வீரம்லாம் இல்ல தம்பி. ட்யூட்டி. மறுக்கலாம்னு இல்ல, மறுத்தே ஆகணும்."

சகாயம்? உத்தரவு என்று சொன்னால் தண்டனை குறையலாம், குற்றம் குறையாது. நான் ஜாம் என்று சொன்னால் அவனோடு சேர்ந்து மேஜரும் வெளியே வந்துவிடுவார், செத்த இரண்டு பேரும் ஓடினவர்கள் ஆகிவிடுவார்கள். மேஜர் அடுத்த சாவடியில் அடுத்த ஆளைப் பார்ப்பார்.

திரும்பும்போது ஞாபகம். ட்ரெய்னிங்கில் இதற்கு ஒரு கிளாஸ் இருந்தது. பிடிபட்டவனை அடிக்காதே, கட்டிப்போட்டவனைத் தொடாதே, அப்படி உத்தரவு வந்தாலும் செய்யாதே. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வைப்பார்கள். பாதிப் பேர் தூக்கம். சகாயம் என் தோளில் சாய்ந்து தூங்கினான். எழுப்பவில்லை. பாவம், காலையில் ஓடிக் களைத்தவன்.

கண்ணாடி ஸ்க்ரூ ஆச்சு.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில் கொஞ்சம். செல்வி பருப்புப்பொடி இடித்தாள். எனக்கு ஒரு பாட்டில், சகாயத்துக்கு ஒரு பாட்டில். கேட்காமலே.

மத்தியானம் சகாயம் போன். பேச அனுமதித்திருக்கிறார்கள், பக்கத்தில் ஆள் இருக்கும்போல. மழையா என்றான். குப்பத்தில் தண்ணி ஏறிச்சா என்றான். பூனை குட்டி போட்டிருக்கிறதாம். அப்புறம் குரலைத் தாழ்த்தினான்.

"மொதல்ல நீ தமிழ்ல சொன்னது அங்க எனக்கு மட்டும்தான் புரிஞ்சுது மச்சி. அப்படிச் சொல்லலாம்னு எனக்கும் தெரிஞ்சுது. வாய் வர்ல."

அம்மா வந்துச்சா என்று கேட்டான். வந்தாங்க என்றேன். "அது சொல்றத கேக்காத" என்றான். உடனே, "இல்ல, கேளு. தெரில மச்சி" என்றான். அழுதான். கட்.

சாப்பிடவில்லை. செல்வியும் சாப்பிடவில்லை. அவன் சுட்டதைப் பார்த்தவன் நான். அந்தச் செருப்பில்லாத காலையும் பார்த்தவன். இரண்டு பக்கமும் என்னைப் பிடித்து இழுக்கிறது. ஜாம், ஜாம் என்று சும்மா சொல்லிப் பார்த்தேன். சொல்ல எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

நவம்பர் 12, புதன்

மேகம். மழை இல்லை. பெட்டி கட்டியாச்சு.

காலையில் வாசலில் குரல். மோட்சமேரியம்மா, கூடையோடு. செல்வி தட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள், அப்படி ஒரு சந்தோஷம். கூடை நிறைய சங்கரா, கானாங்கெளுத்தி. இன்னும் ஒரு வீடும் ஏறவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

செல்வியை மீனைத் தொடவிடவில்லை. கூடை மேல் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"போணிக்கு வந்து கேக்கறேன் நைனா. மக்கர் பண்ணிச்சுன்னு சொல்றியா?"

ஞாயிற்றுக்கிழமை கூடையில்லாமல் வந்து கேட்டதுதான் தப்பு என்று யோசித்துக் கிளம்பியிருக்கிறார். போணிக்கு நிற்பவரிடம் இந்தத் தெருவில் யாரும் மறுத்ததில்லை. செல்வி தட்டும் கையுமாக என்னைப் பார்க்கிறாள். சொல்லிவிடுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சுகிறாள்.

கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"முடியாதும்மா."

திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நின்றேன். ஒன்றும் இல்லை. சகாயம் போன் பண்ணினதைச் சொல்ல வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார். செல்வி, எதாவது குடுங்கம்மா, எவ்வளவு வேணா குடுங்க என்று தட்டை நீட்டினாள். தலையை ஆட்டிவிட்டார். துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்தார். குனிந்தார்.

"ஒரு கை குடு."

இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி அவர் தலையில் வைத்தேன். முழுக்கூடை. நல்ல கனம்.

கூவவில்லை. எதிர்வீட்டில் கூப்பிட்டார்கள், நிற்கவில்லை. வந்த வழியே கடல் பக்கம் போய்விட்டார்.