கொசுறுக் கறிவேப்பிலை

இன்று காலை காய்க்காரர் கத்திரிக்காயை நிறுத்துப் போட்டுவிட்டு, கேட்காமலே ஒரு பிடி கறிவேப்பிலையைக் கொசுறாகப் பையில் திணித்தார். வாசனை மூக்கில் ஏறியதும் உன்மேல் கோபம் வந்தது. செத்துப்போன சிநேகிதிமேல் கோபப்படுவது சரியில்லைதான். ஆனாலும் வந்தது.

பாலக்கரையில் நம் காம்பவுண்டில் ஆறு குடித்தனம், ஒரு கிணறு. கயிற்றுக்கும் வாளிக்கும் சண்டை போட்டு, பாதிப் பேருக்குப் பாதிப் பேரோடு பேச்சுவார்த்தை கிடையாது. உனக்கு அது பொறுக்கவில்லை. கிணற்றடிக்குப் பின்னால் செங்கல்லும் ஓட்டாஞ்சில்லும் கிடந்த இடத்தைக் காட்டி, "எல்லாரும் சேந்து கொத்தமல்லி, புதினா போடுவோம்டி. ஆறு வீட்டு ரசமும் ஒரே பாத்தியிலேருந்து மணக்கணும். அப்புறம் எப்படிப் பேசாம இருப்பாங்க?" என்றாய். "கொசுறாக் கிடைக்கிறதுக்கு எவடி தண்ணி ஊத்துவா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய்.

முதல் நாள் ஆறு வீட்டுப் பெண்களும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டார்கள். மாடி வீட்டம்மா கடப்பாரை கொண்டுவந்தார். இலை ஆய்ந்துவிட்டுத் தூக்கிப்போடும் புதினாத் தண்டுகளை வீடு வீடாக வாங்கி ஊன்றினாய். கொத்தமல்லி விதையைப் பலகையால் தேய்த்து உடைத்து விதைத்தோம். வையம்பட்டியில் உன் அண்ணன் வீட்டிலிருந்து வந்த கறிவேப்பிலைக் கன்றை நடுவில் நட்டாய். "இடுப்பளவு வர்ற வரைக்கும் இதுல மட்டும் யாரும் கை வைக்காதீங்க" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாய். வீட்டுக்கு ஒரு நாள் தண்ணீர் முறை என்று பேச்சு.

கொத்தமல்லி தழைத்தபோது பறிக்க எல்லோரும் வந்தார்கள். ஊற்ற நீயும் நானும்தான். அவள் கூடப் பறித்தாள், இவள் வேரோடு பிடுங்கினாள் என்று புதுச் சண்டை வேறு. புதினா வெயிலில் கருகியது. நீ மட்டும் அரிசி களைந்த தண்ணீரையும் புளித்த மோரையும் கன்றுக்கு ஊற்றிக்கொண்டு, "வருவாங்கடி, வருவாங்க" என்பாய். எனக்கு எரிச்சலாக வரும்.

பங்குனியில் விஷக்காய்ச்சலில் படுத்தாய். கண் திறக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி: "இன்னிக்கு யாரு முறை? ஊத்தினாங்களா?" "மாடி வீட்டம்மா ஊத்திட்டாங்க", "கடைசி வீட்டுக்காரி ஊத்திட்டா" என்று நாளுக்கொரு பெயர் சொன்னேன். எல்லா நாளும் ஊற்றியது நான். கேட்டதும் உன் முகம் தெளியும். அந்தப் பொய்யில் எனக்கு வருத்தமில்லை.

உன்னை எடுத்துக்கொண்டு போன பிறகு, துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதென்று மற்றவர்களெல்லாம் கிணற்றடியில் கல் கூட்டிச் சமைத்தார்கள். வருஷக்கணக்காக முகம் பார்க்காதவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே ஒருத்திக்கொருத்தி அரிசி களைந்து கொடுத்தார்கள். உன் வீட்டைக் கழுவிவிட்டு வந்து பார்த்தேன். உன் கன்று மொட்டைக் குச்சியாக நின்றது. "ரசத்துக்குக் கறிவேப்பிலை இல்லையேன்னு உருவினேம்மா" என்றார் மாடி வீட்டம்மா. அழுத கண்ணோடுதான் நின்றார்.

குச்சி துளிர்க்கவில்லை. காரியம் முடிந்த கையோடு வாளிச் சண்டையும் தொடங்கிவிட்டது. நாங்களும் ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிட்டோம்.

இந்த வீட்டுப் பின்கட்டில் மண் சும்மா கிடக்கிறது. நான் எதுவும் வைக்கவில்லை, வைக்கப் போவதுமில்லை. ஆனால் ரசத்தில் கிடக்கும் கறிவேப்பிலையை எல்லோரையும் போல் இலையோரம் ஒதுக்க முடிவதில்லை. மென்று விழுங்கிவிடுகிறேன். நீ ஆசைப்பட்டபடி ஆறு வீட்டு ரசமும் ஒரே பாத்தியிலிருந்து மணந்தது உன்னை எடுத்த அந்த ஒரு நாள்தான். நானும் சாப்பிட்டேன், ரசம் நன்றாகவே இருந்தது. அதைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.